லெட்சுமி அக்காவின் ‘முடியல’

செவ்வாய், இரவு

இன்று ஜிம்மில் நான் நடத்தும் ஸ்குவாட் வகுப்பில், உட்கார்ந்து எழும் பயிற்சியின்போது, இருவர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஒல்லியான பிரியா, “முடியல அண்ணே” என்றதும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்து, பருமனான லெட்சுமி அக்கா.

“முடியல தம்பி, முட்டி வலிக்குது.”

“சாக்கு சொல்லாதீங்க லா. இன்னும் அஞ்சு!”

அவருடைய பருத்த இடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன். மூன்றாவதில் சரிந்து விழுந்தார். முட்டி வீங்கிவிட்டது. கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து நொண்டிக்கொண்டே ஃபெரி ஏறி, அக்கரையில் செபராங் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்குப் போனார்.

இப்போது வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்: “சாரி தம்பி, நாந்தான் சோம்பேறி. கால் சரியானதும் மீதி ரெண்டையும் செஞ்சிடுறேன்.”

பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். தன் முட்டியைவிட என்னை நம்பியிருக்கிறார்.