மிதக்க வேண்டிய வீடு

மார்ச் 2, திங்கள்

அஸ்திவாரமில்லாத வீட்டில் முதல் நாள். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அடியில் காலி பிளாஸ்டிக் பீப்பாய்கள், மேலே பலகைத் தளம், அதற்கும் மேலே நாங்கள். இனி கடல் முற்றத்துக்குள் ஏறினால் வீடும் நான்கு தூண்களைப் பிடித்துக்கொண்டு ஏறும். வடிந்தால் இறங்கி உட்காரும். யோசனை என்னுடையது. கட்டியவர் என் வீட்டுக்காரர், தீவிலேயே பேர்போன கொத்தனார்.

எங்களோடு இருக்கும் என் அக்காவுக்குத்தான் நம்பிக்கையில்லை. "பழைய வீட்ல முங்கினது போதும். அமாவாசைத் தண்ணிக்கு இது எழும்பலன்னா நான் மக கிட்ட அக்கரைக்கே போயிடுவேன்." போனால் திரும்ப மாட்டாள். அப்புறம் நான் யாரோடு சண்டை போடுவது?

மார்ச் 9, திங்கள்

நடு அறையில் நின்று குதித்துப் பார்த்தேன். வீடு அசையவில்லை. காய்ந்த தரையில் எப்படி அசையும், பைத்தியமே.

மார்ச் 19, வியாழன்

அமாவாசை. மத்தியானம் கடல் வந்தது. பீப்பாய்கள் முங்கின. வீடு கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்ததும் அக்கா துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை முட்டியது. ஊரெல்லாம் பெருமையடிச்சேனே, இப்ப அக்காவும் போறாளே—

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூணைத் தடவிய வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"தூணுக்கும் தளத்துக்கும் நடுவுல சந்து தெரிஞ்சுது. பார்க்க நல்லால்ல. சிமெண்ட் வச்சுப் பூசிட்டேன்."

வீடு வழுக்கி ஏறத்தான் அந்தச் சந்தையே விட்டிருந்தோம். ஆனால் ஆயுசு முழுக்கப் பூசிய கை, சந்தைக் கண்டால் சும்மா இருக்குமா?

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொத்தனாருக்குப் பொண்ணு கொடுத்தா இப்படித்தான்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நாங்களும் கூடச் சேர்ந்து மூன்று மூலைத் தூண்களின் பூச்சை உடைத்ததும் வீடு ஒருபக்கமாகச் சாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம். நாலாவதை அக்காதான் உடைத்தாள். வீடு ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்து, எங்கள் கண்முன்னே மேலே போனது. போயே போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் வெளியே. வாசல் நெஞ்சளவு உயரத்தில். சிரித்த சிரிப்பில் யாராலும் ஏற முடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பௌர்ணமி. தண்ணீர் மறுபடி வந்தது. வீடு ஏறத் தொடங்கியதும் அக்காவைக் கூப்பிட ஓடினேன். மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

"ஏறினா ஏறட்டும். என் தூக்கத்தைக் கெடுக்காத" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.