அப்பாவின் மூக்கும் குழந்தையின் குல்லாவும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னதும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், பேக்கரியும் நலம், உன் அப்பாவும் நலம்தான், மூக்கைத் தவிர. போனில் சொல்லலாம் என்றால் நீ அழைத்ததுமே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், அதனால்தான் கடிதம். ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அவருக்கு மூக்கடைப்பு புதிதில்லை. நீ இங்கே இருந்தபோதே காலையில் தும்மல், நெற்றியில் பாரம், வாயைத் திறந்துகொண்டு தூக்கம். மாவுத் தூசி என்று விட்டுவிடுவோம். இந்த முறை எனக்குச் சந்தேகம் வந்தது மூக்கைப் பற்றியே இல்லை. அவர் சட்டைப் பையில் அடிக்கடி ஏதோ கிர்ர் என்றது. உடனே பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். எனக்குத் தெரியாமல் இன்னொரு போன் வைத்திருக்கிறார், இந்த வயதில் இது வேறா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையில் கையை விட்டேன். போன் இல்லை, சாவி முறுக்குகிற சின்ன டைமர். போன் இருந்திருந்தால்கூட எனக்கு அப்படிப் பகீர் என்றிருக்காது. உன் அப்பா என்றைக்குக் கடிகாரம் பார்த்து ரொட்டி எடுத்தார்? முன்பக்கம் யாரோடாவது வம்பளந்துகொண்டிருக்கும்போதே மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு, "வெந்தாச்சு" என்று எழுந்து போவார். மணி பார்த்து ரொட்டி எடுக்கிறவன் பஸ் ஓட்டப் போகலாம் என்று மற்ற கடைக்காரர்களைக் கிண்டல் செய்த மனிதர்.

கேட்டால் உண்மை வராது. முட்டைத் தட்டில் ஒரு கூமுட்டை அகப்பட்டது. அதைக் கிண்ணத்தில் உடைத்து, பின்பக்கம் அவர் பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு அடியில் வைத்தேன். நாற்றம் தாங்காமல் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன், மாவு பிசைகிறவர் எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்த ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா விளையாட்டுப் பக்கம் வரை நிதானமாகப் படித்து முடித்து, "டீ கெடைக்குமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. கிண்ணத்தை எடுத்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அடுப்புக்குக் காஸ் வருகிறதே, குழாய் கசிந்தால் இவருக்குத் தெரியாதே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் பார்த்த டாக்டர் மூக்குக்குள் விளக்கை அடித்தார், சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், எந்த நாள் வசதி என்றார். கறிக்கடையில்கூட எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று உன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ சொன்னபடி பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுங்கள், ஸ்பிரே அடியுங்கள், கொஞ்ச நாளைக்கு மட்டும் இந்த மாத்திரை, பிறகு ஸ்கேன் பார்க்கலாம் என்றார். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பாரோ என்று நான் குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். கழுவினார், பாவம், அந்தச் சத்தத்தை எழுத முடியாது. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் ஒரு காலை, "வெனிலாவ மாத்திட்டியா? மட்டமா இருக்கு" என்று கத்தினார். மாற்றித்தான் இருந்தேன். திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. மாத்திரை முடிந்ததும் மறுபடி பழைய கதை, டிராயருக்குப் போன டைமர் பைக்குத் திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பை வேறு விதமாகக் கெடுக்கும் என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். ஸ்கேனைக் காட்டி, "வாசனை ஒரு தடவ திரும்பி வந்துச்சுல்ல, அது நல்ல அறிகுறி, சதைதான் வழிய அடைச்சிருக்கு" என்றார். இனி ஆபரேஷன் செய்தால் பலன் கிடைக்கலாம், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன், பிறகும் கழுவுவதை விடக்கூடாது, சதை திரும்ப வளரவும் வளரலாம் என்றார். உறுதி இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அவரைக் கொஞ்சம் நம்பத் தோன்றியது. உன் அப்பாதான் "டைமர் இருக்குல்ல, அது போதும்" என்று மழுப்பிக்கொண்டிருந்தார். பயம், வேறென்ன. கண்ணுக்குப் பக்கத்தில் கத்தி போகுமே என்று நானும் வற்புறுத்தவில்லை.

அப்புறம்தான் உன் பார்சல் வந்தது, சின்னது போட்டுக் கழற்றிய குல்லாவும் அதில் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் குல்லாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால் உன் அப்பா மாவு மூட்டை அறையில் விளக்குகூடப் போடாமல் நிற்கிறார். மறுபடி எதையோ ஒளிக்கிறார் என்று பூனை மாதிரி போய் எட்டிப் பார்த்தேன். குல்லாவை மூக்கோடு அழுத்திக்கொண்டு மூச்சை இழுக்கிறார், திரும்ப இழுக்கிறார். என்னைப் பார்த்ததும் அதை நீட்டி, "என்ன வாசன வருது, நீ சொல்லு" என்றார். வாங்கி முகர்ந்தேன். பால் வாசனை, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வியர்வை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் உச்சந்தலையில் வந்த அதே வாசனை. "நான் எதுக்குச் சொல்லணும், நீங்களே பாத்துக்குங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அவராகவே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நாள் கேட்டார்.

ஆக, ஆபரேஷன் உண்டு, அடுத்த மாதம். நீ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டாம். கடையை மாவு பிசைகிறவர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று நானும் பார்க்கத்தான் போகிறேன். மாப்பிள்ளைக்கும் காலையில் தும்மல் என்றாயே, அலட்சியமாக விடாதே. வாசனை தெரிகிறதா என்று அவரிடம் கேட்காதே, தெரியும் என்றுதான் சொல்வார், ஒரு முட்டையை வைத்துப் பார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும், சின்னதுக்கு எங்கள் இருவரின் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் குல்லாவில் மாவு வாசனை ஏறிவிட்டது, சின்னது போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் பையில் இறுகக் கட்டி அனுப்பு. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று டாக்டரம்மா சொல்வார், எல்லா வாசனையும் தெரிகிறது என்று உன் அப்பாவும் சொல்வார், இரண்டு பேரையும் நான் நம்பப்போவதில்லை. கடையில் அதே மாதிரி புதுச் சட்டை ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து, அவர் கண்ணைக் கட்டிவிட்டு, இதில் எது நம் குழந்தையுடையது என்று கேட்பேன்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாத உன் அம்மா