கல்லின் வயது

மோகனா,

வெள்ளானூரில் உன் அம்மா வீட்டிலேயே இன்னும் கொஞ்ச நாள் இரு. அவசரமில்லை.

வர்ஷா ஏரிக்கரையில் பொறுக்கிய கருங்கல் என் மேசையில்தான் இருக்கிறது. "இதுக்கு எத்தினி வயசுப்பா?" என்று கேட்டாளே. உடைத்துப் பொடியாக்கினால்தான் சொல்ல முடியும் என்றேன். "அப்ப வேணாம், பாவம்" என்றாள். போன வாரம் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். அரவை இயந்திரத்தின் முன் நின்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

பல்லாவரம் பாறைக்கு இருநூற்றைம்பது கோடி ஆண்டு வயது என்று வகுப்பில் தடுமாறாமல் சொல்கிறவன் நான்.

நாம் மூவராக ஆஸ்பத்திரிக்குப் போய் இருவராகத் திரும்பியது தெரியாத கீரைக்காரம்மா, நேற்று வாசலில், "பாப்பாவுக்கு இப்ப இன்னா வயசு ஆவுது சார்?" என்று கேட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். ஆறு என்று சொல்வதா, ஏழு என்று சொல்வதா என்று தெரியாமல், கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவளுடைய அப்பா