தட்டு மாற்றிய கதை

மட்டாஞ்சேரி,
ஓணம் முடிந்த வாரம்.

அன்பு மகள் மகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நம் இட்லிக் கடையும் பழைய கிரைண்டரும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை சிவசங்கரனும், பெரியவன் நகுலனும், இன்னும் பல் முளைக்காத சின்னக்குட்டியும் அதேபோல் சுகமாக இருக்க அழகர்மலையான் துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் சின்னது அழுகிறது, நீ வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் அது தூங்கும்போது எடுத்துப் படிக்கலாம். சுள்ளிக்கல் ஜஸ்னா மேல்படிப்புக்கு உங்கள் மின்னசோட்டாவுக்கே வருகிறாள், அவள் பெட்டியில் இதையும் இட்லிப்பொடியையும் வைத்து அனுப்புகிறேன். நீ படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி, அப்போதுதான் அப்பா சொல்வது மண்டையில் ஏறும்.

கொலம்பியாப் பெண் யெசீனியா வருவது உறுதியாகிவிட்டது என்று நீ போனில் போட்ட சத்தத்தில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அத்தனை பேருக்கும் ஒரு சாயா என் கணக்கில் என்று சொல்லிவிட்டேன். ஆனால் முடியவே முடியாது என்றிருந்த அவள் அம்மா நோரா எப்படி மனசு மாறினாள், நீங்கள் அவளிடம் என்னதான் பேசினீர்கள் என்று நீ கேட்கும்போதெல்லாம் உன் அம்மா சிரித்தே மழுப்பிவிடுகிறாள். அவள் வாயால் சொல்லமாட்டாள். ஆனால் நடந்தது தெரிந்தால்தான் நீ செய்ய வேண்டியது என்ன என்பது உனக்குப் புரியும். அதனால் நான் சொல்கிறேன்.

ஓ-பேர் வைக்கப்போகிறோம் என்று நீ முதலில் சொன்னபோது உன் அம்மா ஒச்சம்மாள் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். வேலைக்காரி என்றால் வேலைக்காரி, விருந்தாளி என்றால் விருந்தாளி, இது என்ன ரெண்டும் கெட்டான் என்றாள். வேறு நாட்டுச் சின்னப் பெண் ஒருத்தி ஒரு வருஷம் நம் வீட்டிலேயே தங்கி, வீட்டில் ஒருத்தியாகச் சாப்பிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், மிச்ச நேரம் வகுப்புக்குப் போவாள், அவளுக்குத் தனி அறையும் கைச்செலவுக்குப் பணமும் கொடுப்பார்கள் என்று நீ சொன்னதை எல்லாம் நான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஓதினேன். காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது, அவ்வளவு தூரம் விமானத்தில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொன்னதில், தானே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்று அவளுக்கு இருந்த ஆற்றாமைதான் அப்படிக் கோபமாக வந்தது. நீ வீடியோவில் அந்தப் பெண்ணைக் காட்டினாயே, அவள் நகுலனின் பொம்மை லாரியை வரைந்து காட்டி அவனைச் சிரிக்கவைத்தாளே, அதோடு இவள் அடங்கிவிட்டாள். புள்ள முகத்தப் பாத்துப் பேசுற பொண்ணு, வரட்டும் என்றாள். அப்புறம்தான் நோரா மகளை அனுப்பமாட்டேன் என்று மறுத்த செய்தி வந்தது. வேறு ஆள் தேட நேரமில்லை, பிரசவ லீவு முடிகிறது, ஆஸ்பத்திரி பார்மசி வேலையை விட்டுவிடுகிறேன் என்று நீ அழுதாய். அந்த வேலைக்காக நீ எத்தனை பரீட்சை எழுதினாய் என்பது எங்களுக்குத் தெரியாதா. அன்று மாவை ஆட்டப் போட்டுவிட்டு உன் அம்மா கிரைண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று திரும்பி, அந்தப் பொம்பளையோட நானே பேசுறேன், நம்பர வாங்குங்க என்றாள்.

நம்பர் வாங்கிவிடலாம், பாஷைக்கு எங்கே போவது. யெசீனியாவுக்கு இங்கிலீஷ் தெரியும், அவளே சொல்லட்டும் என்றேன். போக ஆசைப்படுற பொண்ணு பெத்தவகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுமா என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். போனே மொழிபெயர்க்குமாம் என்று மாப்பிள்ளை சொன்னதற்கும், ஒரு மிஷின நம்பி எந்தத் தாய் மகள அனுப்புவா என்றாள். இரண்டும் சரிதான். கடைசியில் எனக்கு நம் அமீருதீன் நினைவு வந்தது. யூதத்தெருவில் பழம்பொருள் கடையில் நிற்கிறானே, கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் அவரவர் பாஷையிலேயே பேசிப் பித்தளை விளக்கை விற்கிறவன், அவனேதான். ஸ்பானிஷ் வருமா என்று கேட்டதற்கு, ஒண்ணும் பேடிக்கண்டா அண்ணாச்சி, நான் சம்சாரிக்காம் என்று, பயமே வேண்டாம், பேச்சைத் தானே பார்த்துக்கொள்வதாக நெஞ்சைத் தட்டினான்.

மறுநாள் சாயங்காலம், அங்கே காலை நேரம், அவன் கடையிலேயே உட்கார்ந்தோம். உன் அம்மா செய்ததைக் கேள். உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் அடுக்கிய தட்டோடு வந்து நின்றாள். பெண் பார்க்கப் போகிறாயா என்று கேட்டேன். ஒரு வீட்டுப் பொண்ணக் கேக்கப் போறப்ப வெறுங்கையோட போவாங்களா என்று என்னை முறைத்தாள். போனை ஒரு மர யானைமேல் சாய்த்துவைத்தோம். நோரா வந்தாள். உன் அம்மா வயசுதான் இருக்கும், முகம் கல்லாக இருந்தது. யெசீனியா வகுப்புக்குப் போயிருந்தாள். ஒச்சம்மாள் ஆரம்பித்தாள், எம் மக ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு ஒத்தையில கெடந்து லோல்படுறா, உங்க பொண்ண எம் பொண்ணாப் பாத்துக்குவோம் தாயி என்று மூச்சுவிடாமல் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அமீருதீன் அதை நாலே வார்த்தையில் முடித்துவிட்டான். என்னடா சொன்னாய் என்று காதில் கேட்டேன். நல்ல சரக்கு, கலப்படமில்லை, சும்மா பார்க்கலாம் என்று சொன்னானாம். பாவி, அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அவ்வளவும் வியாபார ஸ்பானிஷ்.

எழுந்து போய்விடலாமா என்று நான் நினைக்கும்போதே நோரா என்னவோ கேட்டாள். இவனுக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து பாஸ்போர்ட் என்று சொன்னாள், அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள், சாவியை வேறு யாரோ எடுத்துக்கொள்வதுபோல் காட்டினாள், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைச் சுட்டினாள், இரண்டு கையையும் விரித்தாள். அந்த வீட்டுப் பெண் எங்கோ வேலைக்குப் போய்த் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒச்சம்மாள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அமீருதீன் எழுந்து நின்றான். கடையில் சரக்கு வாங்குகிறவர்களிடம் தினமும் சொல்கிற ஒன்றை அவன் அன்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம், ஏன் என்று கேட்கமாட்டோம். நோரா நம்பாமல் திரும்பக் கேட்டாள், அவன் திரும்பச் சொன்னான். பிறகு என்னைக் காட்டி என்னவோ சொன்னான், அதற்கு அர்த்தம், முதலாளியே உறுதி தருகிறார் என்பதாம். நானும் நெஞ்சில் கைவைத்தேன். அந்தக் கல் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. திடீரென்று அவள் சிரித்தாள் பார், எங்களுக்கும் அடக்க முடியவில்லை, நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். உன் அம்மா அந்தச் சிரிப்போடு தட்டைத் தூக்கிப் போனுக்கு நேரே நீட்டினாள். நோரா எழுந்து உள்ளே ஓடினாள், பயந்துவிட்டாளோ என்று பார்த்தால், அவளும் ஒரு தட்டோடு வந்து நிற்கிறாள். அதில் சோள ரொட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கோப்பைக் காப்பி. அவளும் நீட்டினாள். அங்கேயும் நம் வாழைப்பழம்தான் மகா, அதைப் பார்த்ததும் எனக்கு மனசு எப்படியோ ஆகிவிட்டது. தட்டு மாத்தியாச்சு, இனி அது நம்ம வீட்டுப் பொண்ணு என்று ஒச்சம்மாள் அறிவித்தாள். யூதத்தெருவில் இதுவரை இப்படி ஒரு நிச்சயதார்த்தம் நடந்திருக்காது.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். அவள் பாஸ்போர்ட் அவள் கையில்தான் இருக்க வேண்டும், பத்திரமாக இருக்கட்டும் என்று நீ வாங்கி வைக்காதே. அவள் அறைக்கதவைத் தட்டாமல் திறக்காதே, நகுலனுக்கும் பழக்கு. லீவு நாளில் இந்த ஒரு அரை மணி நேரம் சின்னதைப் பிடித்துக்கொள் என்று கேட்காதே, நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். பார்சலில் இருக்கும் நீலச் சால்வை அவளுக்கு, அமீருதீன் கொடுத்தது, உனக்கில்லை. அவள் என்றைக்காவது ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால், உனக்கு எவ்வளவு முடையாக இருந்தாலும், முகம் சுளிக்காமல் டிக்கெட் எடுத்துக் கொடு. நான் வைப்பின் தீவு மீன்காரர்களிடம் மீன்கூட வாக்கு மாறாமல் வாங்குகிறவன், கொலம்பியாவில் என் பேரைக் கெடுத்துவிடாதே.

இன்னொன்று, இனி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அந்த நேரம் நோராவின் நேரம். இவள் தமிழில் பேசுகிறாள், அவள் ஸ்பானிஷில் பேசுகிறாள், இவள் மரவள்ளிக் கிழங்கைத் தூக்கிக் காட்டுகிறாள், அவளும் அதே கிழங்கைக் காட்டுகிறாள். அமீருதீனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டால் இரண்டு பேரும் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார்கள். மகள்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறார்கள், அவர்களுக்குப் பேச விஷயமா இல்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம், மாப்பிள்ளைக்கு விசாரிப்பு. இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய்தான் ஊற்ற வேண்டும், அந்த ஊர் எண்ணெயை ஊற்றிக் கெடுக்காதே. நீயும், உன்னோடு சேர்ந்து அந்தப் பெண்ணும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். உன்னை நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஏற்றிவிட்ட அன்று என்ன சொல்வதென்று தெரியாமல், ஜன்னல் சீட் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். நோராவுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்லிக்கொள்கிறேன் தாயி. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், ஏன் என்று கேட்கமாட்டோம்.

உன் அப்பா,
அழகர்