ஏரிக்கு வந்த உங்கள் ஊர் வாத்துகள்

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், ஆஸ்பத்திரி ஆளே தினமும் வந்து காய்ச்சல் பார்த்து அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார். கஜகஸ்தான் பனியில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

பாப்பா போனில் பார்த்துச் சிரித்ததே, நம் வீட்டு வாத்துகள், அவை இப்போது இல்லை. அப்பனைத் திட்டாமல் கேள். சேதராப்பட்டு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை முடிந்து வரும் வழியில் ஏரியில் இறங்கி அதுகளுக்கு நத்தை பொறுக்கி வருவேன் அல்லவா, மார்கழி பிறந்ததும் அங்கே காட்டு வாத்துகள் வந்து இறங்கின. உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகின்றன என்று யாரோ சொல்ல, முழங்கால் தண்ணீரில் நின்று என் பொண்ணைப் பார்த்தீங்களா என்று அதுகளிடம் விசாரித்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மூளை வேறென்ன செய்யும். ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று என்னையே பார்த்தபடி மிதந்தது. அப்புறம் ஒருநாள் விடியலில் நம் வாத்துகள் கழுத்தை முதுகுப்பக்கம் முறுக்கி, வானத்தைப் பார்த்தபடி, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. சத்தமே இல்லை. அம்மா தவிட்டுச் சட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள், ஒன்றும் திரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளை உறை மாட்டிய ஆட்கள் வந்து சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள், முகமே தெரியாததால் யாரிடம் டீ நீட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கால்நடை டாக்டர் சுடர்விழிதான் விவரம் சொன்னார், பறவைக் காய்ச்சலுங்க ஐயா, காட்டு வாத்து தனக்கு நோவே தெரியாம உள்ள வச்சிருக்கும், எச்சத்துல தண்ணிக்கு விட்டுடும், நீங்க நத்தையோடயும் ஈரக்காலோடயும் ஊட்டுக்குக் கொணாந்துட்டீங்க என்று. விரட்டிவிடட்டுமா என்றேன், வேணாம், நோவோட அடுத்த ஏரிக்குப் போயிடும் என்றார். எவனாச்சும் வாத்துகிட்ட நலம் விசாரிப்பானாய்யா என்று உன் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதும் சாயங்காலம் கூரைக்கு மேலே சிறகுச் சத்தம் போகிறது. முன்பு வாசலுக்கு ஓடுவேன், இப்போது தண்ணீர்த் தொட்டியை மூடிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அதுகள் நன்றாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு முறையும் வா வா என்று நச்சரித்த நானே சொல்கிறேன், பொங்கலுக்கு வராதே. பாப்பா மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம். அங்கேயும் செத்த பறவை கிடந்தால் கிட்டே போகவிடாதே, முட்டையை நன்றாக வேகவை. மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். இந்தத் தாளைத் தபாலில் போடவில்லை, போனில் படம் பிடித்துத்தான் அனுப்புகிறேன். டாக்டரம்மா கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் இந்த வீட்டிலிருந்து எதுவும் உங்களிடம் பறந்து வர வேண்டாம்.

வராதே என்று எழுதிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா
தெய்வசிகாமணி
புதுச்சேரி