வலது பக்கம் காலி

மார்ச் 2

அன்புள்ள குருவிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று சொன்னாய். கடிதத்தைப் பிரிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலமா? கால் கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? இங்கே நான் போட்ட காபியை நானே குடிக்க வேண்டியிருக்கிறது. அதுவே போதுமான தண்டனை.

பிப்ரவரியில் விண்வெளிக்குப் போன மூன்று பேரும் சுகம். தினமும் செய்தி பார்த்துவிடுகிறேன். அவர்கள் ராக்கெட் கிளம்பியதை ஏரிக்கரையிலிருந்து நான் எடுத்த படத்தை ஆல்பத்தின் இடது பக்கத்தில் ஒட்டிவிட்டேன். வலது பக்கம் காலி. ஆட்கள் போகும்போது நான் எடுப்பது, திரும்பும் நாளில் அதே ஏரிக்கரையை நீ எடுப்பது. பதினொரு பயணமாக நாம் மாற்றாத வழக்கம். ஆகஸ்டில் அவர்கள் இறங்கிவிடுவார்கள். நீ எப்போது?

கொக்கு


மார்ச் 15

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

கட்டைப் பிரித்தாயிற்று. கணுக்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இந்த ஊர் நூலகத்துக்கு ஆறு மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டேன். குழந்தைகள் பிரிவு. இவர்களாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எலும்பு விரிசல் விட்டதற்கு உங்கள் மேல் கோபமில்லை. ராக்கெட் கிளம்பிய அன்று ஏரிக்கரையில் சேறு வழுக்கியது, விழுந்தேன். நாற்பது நிமிடம் நாணலுக்குள் கிடந்தேன். ஒருவழியாக வந்தீர்கள். வந்ததும் கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாரேன், தண்ணில நெருப்பு எப்படி விழுந்திருக்குன்னு" என்றீர்கள். அப்புறம்தான் ஏன் கீழே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா?

இப்படிக்கு,
நூலக உதவியாளர்


ஏப்ரல் 4

அன்புள்ள குருவிக்கு,

கேட்கவில்லை. ராக்கெட் சத்தத்தில் யார் குரல் யாருக்குக் கேட்கும்? நெஞ்சுக்கூடே அதிர்ந்துகொண்டிருந்தது. லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டு மணி அடித்தால் சாப்பிட்ட கையோடு ஓடுகிறவன் நான். நீ கூப்பிட்டது கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டேனா?

படத்தைப் பெரிதாகப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புகைப்படச் சங்கத்தில் காலண்டருக்குக் கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததிலேயே உருப்படியானது இதுதான். மேலே அவ்வளவு நெருப்பு, கீழே அத்தனை நாரைகளும் அசையாமல் நிற்கின்றன. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்.

கொக்கு


ஏப்ரல் 19

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். படத்தின் ஓரத்தையும் பார்த்தேன். இடது கீழ் மூலையில் நாணலுக்கு மேலே மஞ்சளாக ஒன்று தெரிகிறதே, அது பூ இல்லை. நம் லென்ஸ் துடைக்கும் துணி. அதைப் பிடித்து ஆட்டுவது என் கை.

நாரைகளையும் பார்த்தேன். ராக்கெட் கிளம்பினால் சத்தம் நம் கரைக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும், வந்ததும் ஒரு பறவைகூடத் தண்ணீரில் நிற்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். படத்தில் எல்லாம் நிற்கின்றன. அப்படியானால் சத்தம் இன்னும் வரவில்லை. நான் அதற்கும் முன்னாலேயே கூப்பிட்டேன்.

இனிமேல் எழுத வேண்டாம்.

நூலக உதவியாளர்


ஜூலை 20

அன்புள்ள குருவிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

கேட்டது. "என்னங்க" என்று இரண்டு தடவை. இரண்டாவது தடவை உன் குரல் வேறு மாதிரி இருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம்தானே, எடுத்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். அதற்குள் நாரைகள் கிளம்பிவிட்டன. அவற்றின் பின்னாலேயே கரையின் அந்தக் கோடிவரை போனேன். உன்னை மறந்தே போனேன் குருவி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பொய் எழுதினேன்.

படத்தைக் காலண்டருக்குக் கொடுக்கவில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, உன் கை அதில் இருக்கிறது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை அவர்கள் இறங்குகிறார்கள். திரும்பி வரும் படம் உன்னுடையது. நான் எடுக்க மாட்டேன். நீ வராவிட்டால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

கொக்கு


ஜூலை 30

கொக்குக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இப்பவாவது வாயத் திறந்தாரே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது என் பங்குக்கு ஒரு பொய்.

எட்டாம் தேதி வருகிறேன். என்னை அழைத்துப்போக நீங்கள் வர வேண்டாம், வீட்டைப் பெருக்கி வைத்தால் போதும். காபியும் நானே போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் காலை வைத்துக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. அதனால் இந்தத் தடவை நீங்கள் வழக்கமாக நின்று படம் எடுக்கும் மேட்டில் நான் கேமராவை வைக்கிறேன். நீங்கள் அந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு நாணலுக்குள், நான் விழுந்த இடத்தில் போய் நில்லுங்கள். என் இடது கால் செருப்பு இன்னும் அங்கேதான் புதைந்து கிடக்கும்.

அவர்கள் தரையைத் தொடுகிற நேரம் பார்த்து என்னை ஒரு தடவை கூப்பிடுங்கள். படம் போனால் போகிறது, நான் திரும்பிப் பார்க்கிறேன்.

குருவி