மூன்றாவது இழுப்பறை

ஜூன் 4

அன்புள்ள வாயாடிக்கு,

இல்லை, அந்த மூன்றாவது இழுப்பறை பழையது இல்லை. நான் செய்தது. பழையதைக் கரையான் தின்றிருந்தது. தட்டினால் மாவாகக் கொட்டியது. அலமாரியை உன் கடைக்கு அனுப்பியபோதே வேலைச் சீட்டில் எழுதியிருந்தேன். நீ படிக்கவில்லை. ஹாஸ்டலில் பாடப் புத்தகத்தையே படிக்காதவள்.

மழைக்கு அது இறுகத்தான் செய்யும். வாங்கினவரிடம் சொல்: உரசுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கட்டும். எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி நிற்கட்டும்.

ஒன்று சொல்லட்டுமா. உன் கண்ணுக்கே அது புதிதாகத் தெரியவில்லை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன்
ஆணி


ஜூன் 9

அடி ஆணி,

சீட்டைத் தேடினேன். கிடைத்தது. எழுதித்தான் இருக்கிறாய்.

இப்போது நிலைமையைக் கேள். வாங்கினவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாங்கும்போதே, "ஒரு பலகைகூட மாத்தலையே?" என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லீங்கம்மா" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பழம்பொருள் கண்காட்சியில் அதை வைக்கப் போகிறார், என் கடைப் பெயரோடு. கடை திறந்து எட்டு மாதம்தான். அந்தம்மா வாயில் விழுந்தால் பிறகு யார் படியேறுவார்கள்?

யாருக்கும் தெரியாத மாதிரி செய்திருக்கிறாய். அதுதானே உனக்குப் பெருமை? அதோடு விடு. அலமாரிக்கு மெழுகு போடக் கற்றுக்கொடுக்க ஆள் கேட்டார். உன்னை அனுப்புவதாகச் சொன்னேன். போ. மெழுகு டப்பாவைத் திற. வாயைத் திறக்காதே.

வாயாடி


ஜூன் 16

வாயாடி,

போனேன். வடக்கு ஜன்னல் உள்ள சமையலறை. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல், காற்றுப் போக இரண்டு விரல் இடம் விட்டு நிறுத்தியிருக்கிறார். மரத்தைத் தெரிந்தவர். உலர்ந்த துணியால் துடைத்தோம். மெழுகை மெல்லிசாகப் போட்டோம். காயவிட்டுத் தேய்த்தோம்.

பளபளப்பு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இழுப்பறைகள் ஐந்து. அந்த அம்மா இழுத்தது மூன்றாவதை.

"மூலையைப் பாருங்க. விரலோட விரல் கோத்த மாதிரி! அந்தக் காலத்து ஆளுங்க கை. இப்ப யாருக்கு வரும்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன், டப்பாவோடு.

ஆறு நாள் வேலை. பழைய கதவு நிலையை அறுத்துப் பலகை எடுத்தேன். துருப்பிடித்த இரும்பை வினிகரில் ஊறவைத்து, அந்த நீரைப் பூசிப் பலகைக்குப் பழைய நிறம் கொண்டுவந்தேன். மூலை நாலாவது தடவைதான் அமைந்தது. எனக்கு வரவேண்டிய கைத்தட்டல், எப்போதோ செத்துப்போன யாருக்கோ போகிறது.

யாருக்குமே தெரியாவிட்டால் அது என்ன பெருமை? சரி, என் பெருமையை விடு. அந்த அம்மா நம்மை நம்புகிறார்.

நீயே சொல்லிவிடு. நீயே சொன்னால் அது வெறும் தவறாகப் போய்விடும். நான் சொல்லும்படி ஆனால் அது பொய்யாகிவிடும். ஞாயிறுவரை பார்ப்பேன்.

ஆணி


ஜூன் 19

ஆணி,

உனக்கென்ன, பட்டறைக்குள் மரத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். மரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாது.

ஃபோனை எடுத்தேன், வைத்தேன். மூன்று தடவை. முடியவில்லை, போ.

ஓரிடத்தில் இறங்கிவிட்டால் நகரமாட்டாய் என்றுதானே உனக்கு இந்தப் பேரையே வைத்தேன். இந்த ஒரு முறை நகர்ந்து கொடு. நீ சொன்னால் நமக்குள் இனிப் பேச்சு இல்லை.

வாயாடி


ஜூன் 25

வாயாடி,

சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்து மேசைமேல் கவிழ்த்தார்.

"நீயா செஞ்சே?"

"ஆமாம்மா."

"சும்மா கதை விடாதே."

நம்பவில்லை! என் வேலை என்று நானே நிரூபிக்க வேண்டியதாயிற்று. பின்பலகையில், கதவுக் கீல் இருந்த பள்ளத்தை மரத்துண்டு வைத்து அடைத்த இடத்தைக் காட்டினேன். பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்குக் காது சுட்டது. வெட்கம் இல்லை. சந்தோஷம்.

பிறகு நிமிர்ந்து, "அப்ப அந்தக் கடைக்காரப் பொண்ணு?" என்றார்.

"சீட்டை அவ பாக்கலைம்மா. பாத்தப்புறம் உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டா. வார்டன் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போறவ."

சிரிக்கவில்லை. "தப்பு பண்ண பிள்ளைய நான் விட்டுடுவேன். மறைச்ச பிள்ளையத்தான் முட்டி போட வைப்பேன்."

இதை நீ யார் வாயிலிருந்தோ கேட்பதற்குள் நானே எழுதுகிறேன்.

ஆணி


ஜூலை 12

வாயாடி,

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கை வேலையை விட்டுவிடுகிறது.

கண்காட்சி நேற்று நடந்தது. அலமாரியின் மேல் ஓர் அட்டை: "மூன்றாவது இழுப்பறை புதிது. செய்தவர்." அடுத்து என் முழுப் பெயர். அச்சில். ஐந்து முறை படித்தேன். ஆறாவது முறைதான் உன் கடைப் பெயர் இல்லை என்று உறைத்தது.

கேட்டேன். "அந்தப் பேர் எதுக்கு?" என்றார்.

"பழைய சாமான் கடையில ஓட்டைக் குடைக்கும் உடைஞ்ச தொட்டிலுக்கும் நடுவுல, கரி பிடிச்சுக் கிடந்ததும்மா இது. நான் பாத்திருந்தா விறகுன்னு போயிருப்பேன். அவதான் நின்னா. அவ கண்ணு இல்லேன்னா என் கைக்கு என்ன வேலை?"

கூட்டத்தின் நடுவே வாதாடினேன். வாயாடுவது நீதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடைசியில் பேனாவை எடுத்து, கையாலேயே உன் கடைப் பெயரை எழுதினார். அச்சுக்குக் கீழே கொஞ்சம் கோணலாக இருக்கிறது. இருக்கிறது.

பழுது பார்க்க நீ அனுப்பிய சமையலறை நாற்காலிகள் இரண்டு இன்னும் என்னிடம்தான். இன்று காலை ஆடிய கால்களுக்குப் பசை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, காய வைத்தேன்.

ஆணி